44 வினாடியில் தப்பிய ரெயில்!

ஆசைக்கு ஓட்டும் பழைய ரெயிலில் ஆபத்து வந்தால் யார் பொறுப்பு?

2015-ம் ஆண்டு மார்ச் மாதம் 7-ந் தேதி. சனிக்கிழமை. மாலை ஐந்தே கால் மணி தாண்டி விட்டது.

இங்கிலாந்து நாட்டில், பிரிஸ்டல் நகரில் இருந்து புறப்பட்ட ஒரு ரெயில், கிழக்கு நோக்கி வேகமாக வந்து கொண்டு இருந்தது.

அது சாதாரண ரெயில் அல்ல. புகை கக்கும் நீராவி ரெயில்! மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரெயிலின் நீராவி என்ஜினைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகையும் கூவலும் தெரியும். ஆனால் இது மலையில் மெல்ல ஏறும் குட்டி ரெயில் அல்ல. சமவெளியில் பாய்ந்து ஓடும் பெரிய ரெயில்.

என்ஜினின் பெயர் "டாங்மியர்". அது இங்கிலாந்து விமானப்படைத் தளம் ஒன்றின் பெயர். என்ஜின் செய்யப்பட்ட ஆண்டு 1947.

என்ஜினுக்குப் பின்னால் 13 பெட்டிகள். உள்ளே இருந்தவர்கள் அவசர வேலையாகப் போகிறவர்கள் அல்ல. "நீராவி ரெயிலில் ஒரு நாள் போய் வர வேண்டும்" என்று ஆசைப்பட்டு டிக்கெட்டு வாங்கியவர்கள்.

உட்டன் பாசெட் என்ற ஊர் வந்தது. அங்கே இரண்டு ரெயில் பாதைகள் ஒன்று சேருகின்றன. அந்தச் சந்திப்புக்கு முன்னால் ஒரு சிக்னல். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு என்றால் நிற்க வேண்டும். ரெயில் நிற்கவில்லை!

சிவப்பைக் கண்டதும் டிரைவர் பிரேக்கை முழு பலத்தோடு போட்டார். ஆனால் காலம் கடந்து விட்டது. சிக்னலைத் தாண்டி 550 மீட்டர் தூரம் ஓடி, சந்திப்பின் நடுவே, பாதைகளுக்குக் குறுக்கே போய் நின்றது ரெயில்.

அதற்கு 44 வினாடிக்கு முன்னால்தான், சுவான்சியில் இருந்து லண்டனுக்குப் போகும் ரெயில் அதே சந்திப்பைக் கடந்து போய் இருந்தது!

44 வினாடி! ஒருவர் தண்ணீர் குடித்து விட்டு டம்ளரைக் கீழே வைக்கும் நேரம்.

யாரும் சாகவில்லை. யாருக்கும் காயம் இல்லை. ஒரு தண்டவாளம் கூட வளையவில்லை. பயணிகளில் பலருக்கு, என்ன நடந்தது என்பதே தெரிந்து இருக்காது.

ஆனாலும் விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. "ஒன்றும் ஆகவில்லையே" என்று சட்டம் விட்டு விடவில்லை.

ஆசை வளர்ந்த கதை

நீராவி ரெயில் பிறந்த நாடு இங்கிலாந்து. அங்கே அரசாங்க ரெயில்வேயின் பெரும் பாதைகளில், நீராவிப் பயணிகள் ரெயிலின் கடைசி ஓட்டம் 1968-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி நடந்தது. பிறகு டீசல், மின்சாரம் என்று காலம் மாறி விட்டது.

ஆனால் மக்களின் ஆசை மாறவில்லை.

அதற்கு முன்பே, 1951-ம் ஆண்டில், வேல்ஸ் பகுதியில் உள்ள "டாலிலின்" என்ற குட்டி ரெயில் பாதையை மூடி விடாமல், பொதுமக்களே கூடி ஏற்று நடத்தினார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள் தண்டவாளத்தைச் சரி செய்தார்கள். டிக்கெட்டு கொடுத்தார்கள். கரி அள்ளிப் போட்டார்கள். உலகத்திலேயே தொண்டர்கள் நடத்திய முதல் ரெயில் அதுதான்.

குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் "தாமஸ்" என்ற ரெயில் என்ஜின் கதையை எழுதிய பாதிரியார் ஆட்ரி கூட, அங்கே தொண்டராக வேலை செய்தவர்தான்!

அதன் பிறகு இப்படிப்பட்ட ரெயில்கள் நாடு முழுவதும் தோன்றின. அவை இரண்டு வகை.

ஒன்று, தங்களுக்கு என்று தனிப்பாதை வைத்துக் கொண்டு ஓடுபவை. இவை மெல்ல ஓடும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகம்தான் எல்லை. வேகம் குறைவு என்பதால், சட்டத்தின் கெடுபிடியும் சற்றுக் குறைவு.

இன்னொன்று, எல்லா ரெயில்களும் ஓடும் பெரிய பாதையில் ஓடுபவை. அங்கே, மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் பாயும் ரெயில்களுக்கு நடுவே கிழட்டு என்ஜின் ஓட வேண்டும். "டாங்மியர்" இழுத்து வந்தது இந்த இரண்டாவது வகை ரெயிலைத்தான்.

இந்த இரண்டாவது வகையில் தவறு நேர்ந்தால், பழைய ரெயிலில் ஆசையோடு ஏறியவர்களுக்கு மட்டும் ஆபத்து அல்ல. பழைய ரெயிலைப் பற்றி நினைத்தே பார்க்காமல், வீட்டுக்குப் போய்க் கொண்டு இருக்கும் மற்ற ரெயில் பயணிகளுக்கும் ஆபத்து!

எச்சரிக்கும் ஊதல்

அன்று நடந்த தவறு என்ன?

இங்கிலாந்தில் டிரைவருக்கு உதவியாக இரண்டு காவல் கருவிகள் உண்டு. எவ்வளவு பழைய என்ஜினாக இருந்தாலும், பெரிய பாதையில் ஓட வேண்டுமானால் இந்தக் கருவிகளைப் பொருத்தியாக வேண்டும்.

முதல் கருவி, எச்சரிக்கைக் கருவி. இதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் வைத்து இருப்பார்கள். முன்னால் உள்ள சிக்னல் பச்சையாக இல்லாவிட்டாலும், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வந்தாலும், என்ஜினுக்குள் ஊதல் ஒலிக்கும். டிரைவர் இரண்டு மூன்று வினாடிக்குள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். "கவனித்து விட்டேன்" என்பதற்கு அது அடையாளம். அழுத்தாவிட்டால், டிரைவர் தூங்கி விட்டாரோ, மயங்கி விட்டாரோ என்று கருதி, கருவி தானாகவே பிரேக்கைப் போட்டு விடும்.

இரண்டாவது கருவி, தடுப்புக் கருவி. சிவப்பு விளக்கை நோக்கி ரெயில் அதிக வேகத்தில் போனால், டிரைவரைக் கேட்காமலே பிரேக் போடும். சிவப்பைத் தாண்டினாலும் போடும்.

இந்த இரண்டாவது கருவி எல்லாப் பாதைகளிலும் வேகமாகப் பரவியதற்கு ஒரு சோகக் கதை உண்டு. 1999-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி, லண்டன் அருகே லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் ஒரு ரெயில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய், எதிரே வந்த ரெயிலோடு மோதியது. 31 பேர் மாண்டார்கள். அந்த விபத்துக்குப் பிறகுதான் கருவி பொருத்தும் வேலை முடுக்கி விடப்பட்டது.

அடைத்த குழாய்

உட்டன் பாசெட்டுக்கு முன்னால் ஓரிடத்தில், தற்காலிகமாக வேகக் கட்டுப்பாடு விதித்து இருந்தார்கள். அதற்கான காந்தத்தைத் தாண்டியதும் என்ஜினில் ஊதல் ஒலித்தது.

டிரைவர் உரிய நேரத்தில் பொத்தானை அழுத்தவில்லை. கருவி தன் கடமையைச் செய்தது. பிரேக் தானாக விழுந்தது.

இப்படி நேர்ந்தால் ரெயிலை முழுவதும் நிறுத்த வேண்டும். சிக்னல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பிறகுதான் நகர வேண்டும். இதுதான் விதி.

ஆனால் அன்று டிரைவரும், கரி போடும் பயர்மேனும் அப்படிச் செய்யவில்லை. கருவியைத் துண்டிக்க ஒரு திருகு குழாய் உண்டு. அதை அடைத்து விட்டார்கள். பிரேக் விலகியது. வேகம் கொஞ்சம் குறைந்ததோடு சரி. ரெயில் நிற்காமல் ஓடியது.

நேரம் மிச்சம் ஆயிற்று. ஆனால் அந்தக் குழாயை அடைத்ததால், தடுப்புக் கருவியும் செத்து விட்டது!

அடுத்து ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. "அடுத்தது சிவப்பு, வேகத்தைக் குறை" என்பது அதன் பொருள். ஊதலும் ஒலித்தது. டிரைவர் பொத்தானை அழுத்தினார். ஆனால் தேவையான அளவுக்கு வேகத்தைக் குறைக்கவில்லை.

அதற்கு அடுத்து சிவப்பு விளக்கு. தடுப்புக் கருவி உயிரோடு இருந்தால், வேகத்தைக் கண்டு, தானாகவே பிரேக் போட்டு இருக்கும். அதைத்தான் அவர்களே ஊமை ஆக்கி விட்டார்களே!

ஆபத்தில் காப்பாற்ற வைத்த கருவியை, "தொல்லை" என்று நினைத்து ஒதுக்கினார்கள். சில நிமிடத்துக்குள் அதே கருவி தேவைப்பட்டது.

இந்த விவரங்கள் எல்லாம், அரசாங்கத்தின் ரெயில் விபத்து விசாரணைக் குழு ஆராய்ந்து வெளியிட்டவை. ரெயிலின் ஓட்டத்தைப் பதிவு செய்யும் கருவி என்ஜினிலேயே இருந்தது. எந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை அது வினாடிக் கணக்கில் குறித்து வைத்து இருந்தது.

கூண்டில் கம்பெனி

அந்த ரெயிலை ஓட்டியது "வெஸ்ட் கோஸ்ட் ரெயில்வேஸ்" என்ற கம்பெனி. பெரிய பாதையில் நீராவி ரெயில் ஓட்டுவதில் பேர் பெற்ற கம்பெனி அது.

முதல் அடி, 2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விழுந்தது. தண்டவாளங்களுக்குச் சொந்தமான நிறுவனம், "எங்கள் பாதையில் நீங்கள் ஓட்டக்கூடாது" என்று தடை போட்டது. சில வாரங்களுக்குப் பிறகு, கம்பெனி பல சீர்திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்ட பின்னரே தடை நீங்கியது.

இரண்டாவது அடி, 2016-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி சுவிண்டன் கோர்ட்டில் விழுந்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 2 லட்சம் பவுன்! வழக்குச் செலவு தனியாக 64 ஆயிரம் பவுன். அபராதம் மட்டும், அன்றைய நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்கு மேல் ஆகும்.

டிரைவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 4 மாத சிறைத்தண்டனை. ஆனால் அதை நிறுத்தி வைத்தார்கள். 18 மாதம் ஒழுங்காக நடந்து கொண்டால் சிறைக்குப் போக வேண்டியது இல்லை. அதோடு, 80 மணி நேரம் சம்பளம் இல்லாமல் பொது வேலை செய்ய வேண்டும் என்றும் உத்தரவு.

ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத சம்பவத்துக்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்கலாம்.

அந்த நாட்டுச் சட்டம் அப்படி. 1974-ம் ஆண்டில் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டம், "விபத்து நடந்ததா?" என்று மட்டும் கேட்பது இல்லை. "மக்களை ஆபத்தில் வைத்தாயா?" என்று கேட்கிறது. ஆபத்தில் வைத்ததே குற்றம்!

இன்னொன்றும் உண்டு. "என்னால் முடிந்த அளவு பாதுகாப்பு செய்தேன்" என்று சொல்லித் தப்ப வேண்டுமானால், அதை நிரூபிக்க வேண்டியது நடத்துகிறவரின் பொறுப்பு. அரசாங்க வக்கீலின் பொறுப்பு அல்ல.

பூட்டு இல்லாத கதவு

இதே கம்பெனி இன்னொரு ரெயிலும் ஓட்டுகிறது. உலகம் முழுவதும் குழந்தைகளுக்குத் தெரிந்த ரெயில் அது.

ஸ்காட்லாந்தில், போர்ட் வில்லியம் என்ற ஊரில் இருந்து மல்லேக் என்ற கடற்கரை ஊருக்குப் போகிறது. பெயர் "ஜாக்கோபைட்". வழியில் 21 வளைவுகள் கொண்ட கிளென்பின்னன் பாலம். "ஹாரி பாட்டர்" சினிமாவில், மந்திரப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரெயில் ஓடுவது இந்தப் பாலத்தின் மீதுதான். அதனால் கூட்டம் அலை மோதுகிறது.

இதன் பெட்டிகள் அந்தக் காலத்துப் பெட்டிகள். கையால் இழுத்து, "படார்" என்று சாத்தும் கதவுகள். முன்பு, ஓடும்போதும் பயணி நினைத்தால் திறக்க முடிந்தது.

பழைய நாளில், இப்படிப்பட்ட கதவு திறந்து விழுந்து செத்தவர்கள் பலர். ஆகவே 1999-ம் ஆண்டு ஒரு விதி வந்தது. கார்டு ஓரிடத்தில் இருந்து எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் பூட்டும் ஏற்பாடு இல்லாத பெட்டிகளைப் பெரிய பாதையில் ஓட்டக்கூடாது. சிறப்பு விலக்கு வாங்கினால் மட்டும் ஓட்டலாம்.

"ஜாக்கோபைட்" ரெயிலுக்குப் பல ஆண்டுகள் விலக்கு கிடைத்தது. பிறகு, ரெயில்வே கண்காணிப்பு அதிகாரிகள், "இனி விலக்கு இல்லை; பூட்டு பொருத்துங்கள்" என்றார்கள்.

கம்பெனி மறுத்தது. "ஒவ்வொரு கதவிலும் கூடுதலாகத் தாழ்ப்பாள் வைத்து இருக்கிறோம். கதவைக் கவனிக்க ஆள் போட்டு இருக்கிறோம். பூட்டு பொருத்த 70 லட்சம் பவுன் ஆகும். கட்டுப்படி ஆகாது" என்பது அதன் வாதம்.

"மனிதன் மறப்பான், பூட்டு மறக்காது" என்ற ரீதியில் இருந்தது அதிகாரிகளின் பதில். அது வெறும் வாதம் அல்ல. 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் அதிகாரிகள் சோதனை செய்தபோது குறைகள் தெரிந்தன. ரெயில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது.

வழக்கு லண்டன் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தீர்ப்பு வந்தது. கம்பெனி தோற்றது!

2024-ம் ஆண்டு வசந்த காலத்தில் "ஜாக்கோபைட்" குறித்த நாளில் புறப்படவில்லை. டிக்கெட்டு வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அந்த ரெயிலை நம்பி இருந்த ஓட்டல்காரர்களும் கடைக்காரர்களும் கவலைப்பட்டார்கள். ஏப்ரல் மாதம்தான், தற்காலிக அனுமதியோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. அதுவும், பூட்டு பொருத்துவதற்கு வழி செய்ய வேண்டும் என்ற கண்டிப்போடு!

பலகை போதாது

"ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாதீர்கள்" என்று பலகை மாட்டி விட்டால் பொறுப்பு தீர்ந்து விடுமா?

தீராது என்று காட்டியது இன்னொரு வழக்கு.

2016-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, லண்டனில் பால்ஹம் என்ற இடத்தில், ஒரு விரைவு ரெயிலின் கதவு ஜன்னல் வழியாக ஓர் இளைஞர் தலையை நீட்டினார். பாதை ஓரத்து சிக்னல் கம்பம் மோதியது. இளைஞர் உயிர் இழந்தார்.

அது ஆசைக்கு ஓட்டும் ரெயில் அல்ல, தினசரி ரெயில்தான். ஆனால் ஜன்னல் பழைய மாதிரி. கீழே இறக்கித் தலையை நீட்ட முடியும். எச்சரிக்கைப் பலகையும் இருந்தது.

கோர்ட்டு என்ன செய்தது? ரெயிலை நடத்திய கம்பெனிக்கு 2019-ம் ஆண்டில் 10 லட்சம் பவுன் அபராதம் விதித்தது! தலையை நீட்ட முடிகிற ஜன்னல் இருந்தால், யாராவது ஒருவர் நீட்டத்தான் செய்வார். அதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்துத் தடுத்து இருக்க வேண்டும்.

இந்த வழக்கு, பழைய ரெயில்காரர்களை உலுக்கியது. காரணம், பழைய பெட்டிகளில் எல்லாம் இதே மாதிரி ஜன்னல்கள்தான். அந்த ரெயில்களில் ஏறுகிறவர்களும் சும்மா உட்கார்ந்து வருகிறவர்கள் அல்ல. வளைவில் என்ஜின் திரும்பும்போது படம் எடுக்க வேண்டும் என்று ஜன்னலுக்கு ஓடுகிறவர்கள்!

தரை இல்லாத அறை

பெரிய கம்பெனிகள் கதை இருக்கட்டும். தொண்டர்களின் உழைப்பால் ஓடும் சிறிய ரெயில்களுக்கு சலுகை உண்டா?

இங்கிலாந்தின் தென்மேற்கில் "சவுத் டெவன் ரெயில்வே" என்று ஒன்று இருக்கிறது. சுமார் 11 கிலோ மீட்டர் தூரம் ஆற்றை ஒட்டி மெல்லப் போகும் அழகான ரெயில்.

2017-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, அந்த ரெயிலில் ஒரு தாய் தன் 3 வயதுக் குழந்தையோடு பயணம் செய்தாள். குழந்தையைக் கழிவறைக்கு அழைத்துப் போனாள். கதவு திறந்தது. குழந்தை முன்னால் அடி எடுத்து வைத்தது.

உள்ளே தரை இல்லை!

பெட்டியின் அடியில் உள்ள பிரேக் சாதனத்தைக் கவனிப்பதற்காக, தரையின் ஒரு பகுதியை எடுத்து இருந்தார்கள். கீழே சக்கரங்கள் சுழன்றன. குழந்தை அந்த ஓட்டையில் விழுந்தது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தாய் பாய்ந்து பிடித்து இழுத்தாள். குழந்தை பிழைத்தது. தாய்க்கு லேசான அடி.

"கழிவறையைப் பயன்படுத்தக்கூடாது என்று மூடித்தானே வைத்து இருந்தோம்" என்பது எடுபடவில்லை. மூடியது போதவில்லை, கதவு திறந்து கொண்டது. ஓட்டை உள்ள பெட்டியில் பயணிகளை ஏற்றியதே தவறு. கோர்ட்டு அபராதம் விதித்தது.

அந்த ரெயிலை நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ரெயில் மீது உயிரையே வைத்து இருப்பவர்கள். ஆனால் ஆசை ஒரு பாதுகாப்பு ஆகாது.

தொண்டர்களுக்கும் ஆபத்து உண்டு. 2012-ம் ஆண்டு மே மாதம், வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரெயில்வேயில் குரோஸ்மான்ட் என்ற நிலையத்தில், கார்டாக வேலை பார்த்த ஒரு தொண்டர், இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நசுங்கி இறந்தார். சம்பளம் வாங்காதவர் என்பதற்காக, அவர் உயிரைக் காக்கும் கடமை குறைந்து விடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பொய் சொன்ன கண்ணாடி

இதுவரை சொன்னவை சிக்னல், கதவு, ஜன்னல், தரை. இவை எந்த ரெயிலிலும் உள்ளவை. நீராவி என்ஜினுக்கு என்றே தனியாக ஓர் ஆபத்து உண்டு. அதுதான் கொதிகலன்.

அதன் கொடுமையைக் காட்டியது, அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து.

1995-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்ட்னர்ஸ் என்ற ஊர் அருகே, 6 பெட்டிகளோடு ஓர் உல்லாச ரெயில் போய்க் கொண்டு இருந்தது. வேகம் மணிக்கு 25 கிலோ மீட்டர்தான். திடீர் என்று, நெருப்பு எரியும் அறையின் கதவு வழியாக நீராவி சீறிப் பாய்ந்தது. டிரைவரும் இரண்டு பயர்மேன்களும் வெந்து, படுகாயம் அடைந்தார்கள்.

காரணம், தண்ணீர்!

நெருப்பு அறையின் மேல் தகட்டை எப்போதும் தண்ணீர் மூடி இருக்க வேண்டும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? பாத்திரம் காய்ந்து சிவக்கும். அதே கதைதான். தண்ணீர் வற்றினால் தகடு பழுத்து, இளகிக் கிழியும். அடைபட்டு இருந்த நீராவி முழுவதும் ஒரே நொடியில் வெளியே பாயும்.

கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அந்தக் குழாய்க்குப் போகும் வழி, உப்புப் படிந்து அடைத்துக் கொண்டு இருந்தது. அதனால் கண்ணாடி உண்மையைக் காட்டவில்லை. அதைக் கண்டு கொள்ளும் பயிற்சியும் வேலையாட்களுக்குப் போதவில்லை.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம் ஆராய்ந்து ஓர் உண்மையைச் சொன்னது. நீராவி என்ஜினை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். அதுவே பெரிய ஆபத்து என்றது.

முன் காலத்தில், கரி போடும் பையனாகச் சேர்ந்தவர், பல ஆண்டு கழித்துத்தான் டிரைவர் ஆவார். தகப்பன் சொல்லி மகன் கற்ற வேலையும் உண்டு. இன்று அப்படி அல்ல. என்ஜின் இருக்கிறது, வித்தை தேய்கிறது.

அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்க அரசாங்கம் விதிகளைத் திருத்தி எழுதியது. 1999-ம் ஆண்டில் புதிய விதிகள் வெளிவந்தன. இதன்படி, ஓர் என்ஜின் 1,472 நாள் வேலை செய்தாலும் சரி, 15 ஆண்டு முடிந்தாலும் சரி, எது முதலில் வருகிறதோ அப்போது கொதிகலனை முழுவதும் பிரித்துச் சோதிக்க வேண்டும். தகட்டின் கனத்தை அளந்து கணக்கு எழுத வேண்டும்.

கையெழுத்து செல்லுமா?

"விபத்து நடந்தால் நாங்கள் பொறுப்பு அல்ல என்று டிக்கெட்டிலேயே அச்சடித்து விடலாமே! பயணிகளிடம் கையெழுத்து வாங்கி விடலாமே!" என்று தோன்றும்.

இங்கிலாந்தில் அது செல்லாது. வியாபாரம் நடத்துகிறவரின் கவனக்குறைவால் ஒருவர் செத்தாலோ, காயம் அடைந்தாலோ, அந்தப் பொறுப்பை எந்தக் காகிதத்தாலும் தட்டிக் கழிக்க முடியாது. 1977-ம் ஆண்டில் இருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது.

நிர்வாகத்தின் படுமோசமான நடத்தையால் உயிர் போனால், கம்பெனி மீதே கொலைக்குற்ற வகையில் வழக்குப் போடவும் 2007-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு அபராதம் இவ்வளவுதான் என்ற வரம்பே கிடையாது.

ஆகப் பொறுப்பு யாருக்கு?

நடத்தும் கம்பெனிக்கு உண்டு. விதியை மீறிய டிரைவருக்கும் உண்டு. ஓட்டை உள்ள பெட்டியை வெளியே அனுப்பிய சங்கத்துக்கும் உண்டு. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சட்டத்தின் பார்வை ஒன்றுதான்.

"இவ்வளவு கெடுபிடி செய்தால் பழைய ரெயில்களே இல்லாமல் போய் விடுமே" என்று ஆர்வலர்கள் வருந்துகிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. பூட்டு பொருத்த, கொதிகலனைப் பிரிக்க, தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் டிக்கெட்டு விலையில்தான் வந்து விடியும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரே ஒரு பெரிய விபத்து போதும். அத்தனை பழைய ரெயில்களையும் ஒரே நாளில் நிறுத்தி விடுவார்கள். அறுபது எழுபது ஆண்டு தொண்டர்கள் சிந்திய வியர்வை வீணாகி விடும். பழைய ரெயிலைச் சாகாமல் காப்பாற்றுவதே இந்தக் கெடுபிடிதான்!

பழைய ரெயிலில் ஏறுகிற குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. குழந்தையின் கையை விடக்கூடாது. ஓடும்போது கதவைத் தொடக்கூடாது. படம் எடுக்க ஆசைப்பட்டுத் தலையை நீட்டக்கூடாது.

அன்று உட்டன் பாசெட்டில் டிரைவர் விதிப்படி ரெயிலை நிறுத்தி இருந்தால், சில நிமிடம் தாமதம் ஆகி இருக்கும். பயணிகள் கொஞ்சம் முணுமுணுத்து இருப்பார்கள். அவ்வளவுதான்.

அந்தச் சில நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், இரண்டு ரெயில்களின் உயிர்கள் 44 வினாடியில் ஊசலாடின!